வெள்ளிக்கிழமை முயல்

குடிமனைகளுக்கு நடுவே காற்றுத் துப்பாக்கி சுடக்கூடாது. இருட்டியபின் முயல் வேட்டையே கூடாது. ரொறன்ரோவுக்கு விருந்தாளியாக வந்த நான், பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மனைவியின் தம்பி சிவத்துக்கு இரண்டு விதிகளையும் அரசாங்கக் கச்சேரி அதிகாரியின் குரலில் வாசித்துக் காட்டுகிறேன். அவன் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ரோச் லைற்றை என் கையில் தருகிறான். அவன் நட்ட இருபது பயற்றங்காய்க் கன்றுகளில் முயல் விட்டுவைத்தது ஐந்து.

கொல்லையில் வெளிச்சம் அடிக்கிறேன். முயல் ஓடவில்லை, மெல்லுகிறது. குறி பார்த்த சிவம் திடீரெனத் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான்.

"ஐயோ அத்தான், இண்டைக்கு வெள்ளியெல்லே!"

"சட்டம் வாசிக்கேக்க வராத பயம் இப்ப வருதோ?"

"சட்டம் கனடாவின்ர. விரதம் என்ர. பன்னிரண்டு மணி மட்டும் பொறுப்பம்."

"பஞ்சாங்கப்படி நாள் மாறுறது சூரியன் உதிக்கேக்கதான்."

அவன் முகம் வாடுகிறது. வெள்ளி எத்தனை மணிக்கு முடியும் என்று கோயில் ஐயருக்கு வட்ஸ்அப்பில் கேள்வி போகிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம். நான் பிடித்த வெளிச்சத்தில் முயல் ஐந்தாவது கன்றையும் ஆற அமரத் தின்று முடித்து, வேலிக்கடியால் நழுவுகிறது.

ஐயரின் பதில் வந்து சேர்ந்த நாள்: அடுத்த வெள்ளிக்கிழமை.