ஆயுத பூஜையன்று போட்ட அப்டேட்

மைசூர் அக்ரஹாரத்து ஆட்டோ ஸ்டாண்டில் சிவநஞ்சப்பாவுக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர். அவர் யாரையும் அதட்டிப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. போனில் ஆட்டோ ஆப்பின் சவாரி மணி அடித்ததும் அவருடைய விரல் போய் விழும் வேகத்துக்காக வைத்த பெயர் அது. ஒரே சவாரி ஏழெட்டு போன்களில் ஒன்றாக அடிக்கும். முதலில் தொட்டவருக்குத்தான் ஆள். மற்றவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் இவர் கொத்தியிருப்பார். இருபத்துமூன்று வருஷம் ஆட்டோ ஓட்டியதில் அடுத்தவர் பொறாமைப்படும்படி அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

போன் விலை குறைந்ததுதான். ஆனாலும் திரை எண்ணெய் தடவினது போல வழுக்கிக்கொண்டு போகும். அப்டேட் வந்திருக்கிறது, போட்டுக்கொள் என்று அது நாலு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார்.

தசரா வந்தது. ஆட்டோவுக்கு ஆயில் மாற்றினார், பிரேக் ஒயர் புதிதாகப் போட்டார், சீட்டைக் கழுவினார். ஆயுத பூஜையன்று காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது, போனும் ஒரு ஆயுதம்தானே என்று தோன்றியது. அதை மட்டும் பழசாகவே சாமி முன்னால் வைப்பதா? அப்டேட்டை அழுத்தினார். அது முடிந்ததும் கொண்டுபோய் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் மனைவி மாதேவம்மா ஸ்பானருக்குச் செய்ததுபோலவே போனுக்கும் மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. ஊரெல்லாம் வெளியூர்க்காரர்கள். மணி அடித்தது, விரல் விழுந்தது, திரை அப்படியே நின்றது. பொத்தான் பாதி வந்து திக்கி, மீதி வருவதற்குள் சவாரி வேறு யாருக்கோ போய்விட்டது. மறுபடியும் அதேதான். வழி காட்டுகிற படம்கூட நொண்டி நொண்டி நகர்ந்தது. பதினோரு மணி வரைக்கும் ஒன்றும் சிக்கவில்லை.

"என்னண்ணா, பாம்புக்குப் பல்லைப் பிடுங்கிட்டாங்களா?" என்றான் பக்கத்து ஆட்டோ கெம்பராஜு.

"போன் இழுக்குதுப்பா."

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். சார்ஜ் போடும் ஓட்டையில் மஞ்சள் காய்ந்து கிடந்தது. "அண்ணி போனுக்கே அபிஷேகம் பண்ணியிருக்காங்க! மூச்சுத் திணறாம என்ன செய்யும் பாவம்?"

ஸ்டாண்டே சிரித்தது. சிவநஞ்சப்பாவும் சிரித்தார். அப்டேட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனவர் சும்மா இருந்திருக்கலாம். ஸ்டாண்டில் பேசினதை மனைவியிடம் சொன்னார். தட்டில் களி உருண்டையை வைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நான் பூசினதாலயா?"

இல்லையென்று சொல்ல வேண்டியவர், "இருக்கும்" என்று குழம்பை ஊற்றிக்கொண்டார்.

தினமும் காலையில் ஆட்டோவின் நெற்றிக்குக் குங்குமம் வைப்பது அவள் வழக்கம். மறுநாளிலிருந்து வைக்கவில்லை. வாசல்படியோடு நின்றுகொண்டாள். அடுத்த பத்து நாளும் அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்.

அதற்கப்புறம் வந்த செவ்வாய்க்கிழமை காலையில் அவள் ஈரத் தலையோடு, ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"சாமுண்டி மலைக்கு. ஆயிரம் படிக்கும் பொட்டு வெச்சு ஏறுறேன்னு வேண்டியிருக்கேன்."

"முட்டி வீங்கிக் கெடக்கு. எப்படி ஏறுவே?"

"உங்க பொழப்பை என் கையாலயே கெடுத்துட்டேனே. தாய்கிட்டதானே மன்னிப்புக் கேக்கணும்?"

கிளப்பிய வண்டியை அவர் நிறுத்தினார். "மாதேவி, உன் மஞ்சள் இல்ல. அன்னைக்குக் காலையில நான்தான் அப்டேட்டை அழுத்தினேன். கெம்பராஜும் போன வாரம் போட்டான், அவன் போனும் இப்ப இழுக்குது. அவன் வீட்ல பூஜையே கிடையாது."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

அவள் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, ஆட்டோவின் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"வேண்டினது வேண்டினதுதாங்க. படிக்கு நீங்க வைங்க. நான் பஸ்ஸில போய் மேல நிக்கிறேன்."

"நானா? அது பொம்பளைங்க செய்யறதாச்சே, பாத்தா சிரிப்பாங்க!"

"ஸ்டாண்டில என்னைச் சொல்லிச் சிரிச்சாங்கல்ல?"

அவர் ஏறினார். படிக்கு ஒரு தரம் குனிந்து, மஞ்சள் தொட்டு, குங்குமம் தொட்டு வைத்தார். வேகமாகத்தான் வைத்தார். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். "அண்ணே, எங்க படியையும் சேத்து வெச்சுடுங்க!" என்றாள் ஒருத்தி.

முந்நூறாவது படிக்குப் பக்கத்தில் சட்டைப்பையில் மணி அடித்தது. பழக்கத்தில் போனை எடுத்து அழுத்திவிட்டார். திரை நின்றது. சவாரி போனது. கண்ணாடியில் அவர் விரல் வைத்த குங்குமம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த படிக்குக் குனிந்தார்.