ரவி மாமா எந்தக் கல்லூரி?

கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சும் மணம் சுவிஸின் ஓல்டன் நகரில் எங்கள் மாடிப்படி முழுக்க இறங்கி, மேல்வீட்டுச் சுவிஸ் அம்மா கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தால், புதிய "சீசன்" வரப்போகிறது என்று அர்த்தம். எண்பதுகளின் கடைசி அது. உணவகக் குசினிகளில் கோப்பை கழுவிவிட்டு வந்த ஆண்கள், வெளியே ஆற்றுப் பனிமூட்டம் சன்னலை அடைத்து நிற்க, எங்கள் வரவேற்பறையில் முழங்கால்களுக்கு அந்த எண்ணெயைத் தேய்த்தபடி, யாழ்ப்பாணத்தில் தாங்கள் படித்த கல்லூரியின் உதைபந்தாட்டக் கதைகளைக் கதைத்துக்கொண்டு, புல் தெரியும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கல்லூரியின், அதாவது பள்ளிக்கூடத்தின், பழைய மாணவர் அணி அவர்கள்; எதிரணி, வில் என்ற நகரப் பக்கம் இருந்த மற்றக் கல்லூரிக்காரர். பனி கரைந்ததும் முதல் ஆட்டம்.

எல்லாரும் பனி கரையவேண்டும் என்று நேர்ந்தபோது, பத்து வயதுப் "பெட்டை"யான நான் மட்டும் கரையக்கூடாது என்று நேர்ந்தேன். காரணம் ரவி மாமா.

அம்மாவின் தம்பியான அவர் அந்த மாரிக் குளிரில்தான் வந்து சேர்ந்திருந்தார். அகதி மனுவுக்குப் பதில் வரவில்லை, வேலையும் இல்லை. சன்னலடியில் இருந்து வெளியையே பார்ப்பார், சோற்றை அளைவார், எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார், அவ்வளவுதான். ஒருநாள் அப்பா பந்தை உருட்டிவிட, மாமா அதைக் காலால் நிறுத்திய விதத்தைப் பார்த்து, இவனை விளையாட விட்டால்தான் ஆள் தேறும் என்று அம்மா சொன்னார். ஆனால் மாமா படித்தது மற்றக் கல்லூரியில். அரசு அவரை அகதியாக எங்கள் மாநிலத்தில் போட்டிருந்தது, கிழமைக்குக் கிழமை வில்லுக்குப் பயிற்சிக்குப் போய்வர வழியில்லை. ஆகவே அப்பா, "இவன் எங்கட பள்ளிக்கூடம்தான்" என்று ஒரு பொய்யைச் சொல்லி அணியில் சேர்க்கப் பார்த்தார்.

அணித்தலைவர் அருளண்ணை லேசில் நம்புகிற ஆளில்லை. கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருவரை எதிரணி முந்தின வருடம் இறக்கிவிட்டது என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியோடு ஒரு "சோதனை" வைப்பார்.

"தம்பி, கிணத்தடிப் பக்கக் கோல் கம்பு எந்தப் பக்கம் சரிஞ்சு நிண்டது?"

"இடப்பக்கம், அண்ணை. பட்டால் பந்து உள்ளுக்குத்தான் விழும்."

"பி.டி. மாஸ்டருக்குப் பெடியள் வைச்ச பட்டம்?"

"கொக்கு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரியாக நின்று வருடக்கணக்காகப் பார்த்ததெல்லாம் மாமாவுக்குக் கைகொடுத்தது. அருளண்ணை மட்டும் சிரிக்காமல், கோப்பைக்கு மேலால் அவரையே பார்த்தபடி, சரி என்று அணியில் சேர்த்தார். அந்தப் பார்வையோடு என் நித்திரை போய்விட்டது. அருளண்ணை தலையைத் தடவினாலும் வாயைப் பிடுங்கத்தான் என்று பட்டது. அவர் தந்த சாக்லேட்டைக்கூட, பள்ளிப் பைக்குள் தின்னாமல் ஒளித்து வைத்திருந்தேன். அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களோ? நானே உளறியிருப்பேனோ? பனி கரைந்து, எதிரணிக்கு முன்னால் போய் நின்று பிடிபட்டால், மாமா மறுபடி அந்தச் சன்னலடிக்கே போய்விடுவார்.

பனி கரைந்தது. டீட்டிகோன் என்ற ஊரில் ஆட்டம். முந்திய உருவத்தில் பாதியாக மெலிந்திருந்த மாமா, தாடியோடு, கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். எதிரணியில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. முதற்பாதி முடிகிற நேரம், எதிரணிக்காரர் ஒருவர் தலையால் முட்டிக் கோல் அடித்தார். மாமா இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

மாமாவின் தொப்பி கழன்று விழ, கோல் அடித்தவர் அடையாளம் கண்டு கத்தினார்.

"டேய் ரவி! உயிரோட இருக்கிறியேடா? உன்ர கதை முடிஞ்சுது எண்டெல்லோ நினைச்சம்!"

வந்த நாளிலிருந்து அழாத மாமா, அந்த மனிதரின் தோளில் முகத்தை வைத்து அழுதார். அருளண்ணை மெல்ல நடந்து கிட்டப் போனார்.

"கழட்டடா சட்டையை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாமா எதிரணியின் சட்டையில் நின்றார். அதை வாங்கிக் கொடுத்தவர் அருளண்ணை. இரண்டாம் பாதியில் மாமா எங்களுக்கு எதிராகவே கோல் அடித்தார். நாங்கள் தோற்றோம்.

திரும்பும் ரயிலில் அருளண்ணை அப்பாவிடம் சொன்னார்: "சோதனை வைச்ச அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. எங்கட பெடியள் ஒருத்தனுக்கும் எங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றி இவ்வளவு தெரியாது."

"பிறகேன் அண்ணை எடுத்தனீங்கள்?"

"நல்லா விளையாடுறான், விசரா!"

பதினைந்து வயதில் பள்ளியை விட்டு முதியோர் இல்லக் குசினி வேலைக்குப் போன எனக்கு, ஒரு பள்ளிக்கூடம் எப்படி ஒரு மனிதரின் கால்வரை இறங்கி நிற்கிறது என்பது இன்றும் விளங்கவில்லை. இப்போதும் கோடையில் ஆட்டங்கள் நடக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகள், எந்தக் கல்லூரி என்று யாரையும் கேட்காமல் கலந்து விளையாடுகிறார்கள். சோதனை வைக்கவும் ஆளில்லை, சோதனைக்குப் பதில் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். மாமா எந்தக் கல்லூரி என்று என் மகன் கேட்டால் மட்டும், அருளண்ணை நிற்கிறாரோ என்று நான் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.