கோப்பையைத் தானே குடித்த பீகா

பீகாவுக்கு எங்கள் தலைவரின் கூடத்தில் தேன்மது வடிக்கிற வேலை. அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் அளவாகக் குடித்தோம்.

மேய்ச்சல் தகராறில் அவள் மூத்த மகன் டுன்னை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒஸ்லாக் என்பவன் குத்திக் கொன்றான். மிச்சம் இருந்தது இளையவன் சேவுல்ஃப். அறுப்பு தொடங்கும் விருந்தில் எங்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னடா, அண்ணன் செத்த சூடு அதுக்குள்ள ஆறிப்போச்சா? ஈட்டில ஒட்டடை கட்டிருக்கு."

அடுத்தவள் பிள்ளையை விட்டு ஆழம் பார்ப்பதில் நாங்கள் மகா வீரர்கள்.

சேவுல்ஃப் எழுந்து கோப்பைக்குக் கை நீட்டினான். எங்கள் கூடத்தில் கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு ஒருவர் சபதம் சொன்னால், அது அவருடையது. அவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. வழக்கமாகக் கோப்பை கொண்டுவரும் தலைவரின் மனைவிக்கு அன்று காய்ச்சல். கோப்பையைச் சுமந்து வந்தவள் பீகாதான்.

மகன் கைக்கு எட்டாமல் இழுத்து, மடமடவென்று தானே குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மவனைக் கொன்ன ஒஸ்லாக்கை என் கையாலயே கொல்லுவேன். இது என் சபதம்."



"எப்போ அத்தை?" என்று கேட்டேன்.

"பார்லியெல்லாம் உள்ள வரட்டும்டா."

பார்லி வந்தது, முழங்கால் வலி வந்தது. அப்புறம் வாத்து அடைகாத்தது. ஒஸ்லாக்கோ, கிழவி எந்தப் பக்கம் வருவாளோ என்று சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

ஒருநாள் மெல்லக் கேட்டேன். "கொல்லணும்னு நெஜமாவே ஆசை இருக்கா அத்தை?"

"இல்லாமலா? தினம் கண்ணு முழிச்சதும் அந்த ஆசைதான். ஆனா அவனுக்கும் ரெண்டு தம்பி இருக்கான். அவனுங்க யாரைத் தேடி வருவானுங்க, சொல்லு."



அன்று மத்தியானம் சேவுல்ஃப் கொதித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"என்னைக் கோழையாக்கிட்டியேம்மா. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். கஞ்சி ஆறுது, உட்காரு."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தான். ஒரு கிண்ணம் காலியானது. பேசாமல் கிண்ணத்தை மறுபடி நீட்டினான். அவள் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டுன்னைப் புதைத்த அன்றுகூட அழாதவள், இவன் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதாள்.