பெண்கள் வாசல் பொன்னுத்தாய்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சினிமாக் கொட்டகையில், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பவள் பொன்னுத்தாய். அரியமங்கலம் பட்டறையில் கண்ணில் தீப்பொறி பட்டுப் புருஷன் வீரமலைக்கு வேலை போன வருஷம், ஐம்பத்தாறில், வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது அந்த வாசலை நம்பித்தான்.

வந்த புதிதில் மகளை ஒரு படத்துக்குக் கூட்டி வந்தாள். தூக்குமேடைக் காட்சியில் அலறிய பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். எல்லாரும் பார்க்கலாம் என்று சர்க்கார் சான்றிதழ் கொடுத்த படம்தான் அது. அதற்கப்புறம் வெள்ளிதோறும் புதுப்படத்தின் முதல் ஆட்டத்தை, வாசல் திரைச்சீலையைப் பிடித்து நின்றபடியே பார்த்துவிடுவாள். அடுத்த ஆட்டத்துக்கு வருகிற பெண்கள் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கவே போவார்கள். பயமுறுத்தும் காட்சி வரும்போது கதவைத் திறந்து, பிள்ளைகளோடு அவர்களை வெளியே விடுவாள். முடிந்ததும் உள்ளே அனுப்புவாள்.

ஒரு மாலை நாற்பது பெண்கள் இப்படி வெளியே நிற்பதைப் பார்த்த விநியோகஸ்தரின் ஆள், படம் படுத்துவிட்டது என்று தந்தியே அடித்துவிட்டான். மேனேஜர் பாஸ்கரன் குதித்தார்.

"சர்க்காரே பாத்து, வெட்ட வேண்டியத வெட்டி, சீல் போட்டு அனுப்புறாங்க. அதுக்கு மேல நீ யாரு? இனி வாயைத் திறந்தா மறுநாள் வர வேண்டாம்."

அடுத்த வெள்ளி மாலை வாசலருகிலேயே வந்து நின்றுகொண்டார். முதலில் வந்தவள் ஸ்ரீரங்கத்துக் கோதை, இரண்டு குழந்தைகளோடு. வழக்கம்போல, பயப்படுகிற மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டாள். பொன்னுத்தாய்க்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. வீரமலையின் கண் மருந்தை நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

கோதை அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொன்னுத்தாயே வாயால் சொல்லக் கூசுகிற படமென்றால் அது எப்பேர்ப்பட்ட படமாக இருக்கும்?

"வாங்கோ, ஆத்துக்குப் போலாம்" என்று குழந்தைகளின் கையைப் பிடித்தாள். பின்னால் நின்றவர்களும் கிசுகிசுத்துக்கொண்டு திரும்பினார்கள். பாஸ்கரன் ஓடிப்போய் மறித்து, சர்க்கார் பாஸ் பண்ணின படம் என்று சத்தியம் செய்தார்.

"சர்க்கார் சீல் போட்டா போறுமா? குழந்தைக்கு ஜுரம் வந்தா சர்க்காரா வந்து பத்து போடும்?" என்றாள் கோதை.

பாஸ்கரன் வாசலுக்குத் திரும்பினார். "ஏதாவது சொல்லேம்மா."

"சொன்னா மறுநாள் வர வேண்டாம்னீங்களே, சார்."

"வரணும். தினம் வரணும். சொல்லு."

அவள் உடனே சொல்லவில்லை. இனி முதல் ஆட்டத்தை நின்றுகொண்டு பார்க்க முடியாது, நாற்காலி வேண்டும். வெளியே வரும் பிள்ளைகளுக்கு வராந்தாவில் பெஞ்சு வேண்டும் என்றாள். தெருவில் கோதை பஸ்ஸைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். பாஸ்கரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்புறம்தான் பொன்னுத்தாய் கோதையைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தாள். "இடைவேளைக்கு முந்தி ஒரு பாம்பு வருதும்மா. யாரையும் கடிக்கல. பெரியவன் பாக்கட்டும், சின்னவள மட்டும் வெளிய கூட்டிட்டு வந்துடுங்க."

பாம்பு வந்தபோது, சோடாக் கடையிலிருந்து தூக்கி வந்த பெஞ்சில் உட்கார இடமில்லை. கதவைத் திறந்துவிட்ட பொன்னுத்தாய், மேனேஜர் அறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.