அலமாரி உச்சியில் கத்திரிக்கோல்

"...வேற எதை வேணும்னாலும் எடுங்க அண்ணி, கத்திரிக்கோலை மட்டும் எடுக்காதீங்க. பத்து நாள் குடுங்க. இவ தலைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே அத்தை நாற்காலி மேல் ஏறி, அம்மாவின் தையல் கத்திரிக்கோலை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டாள்.

நான் சுவரோரமாக, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானுக்குப் பத்தே நாள் இருந்தது. யாங்கோனில் அந்த நாட்களில் தெருவில் தலை காட்டினால் தண்ணீர்தான். வாளித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், லாரி மேலிருந்து வரும் ஐஸ் தண்ணீர். வருஷம் முழுக்க நான் காத்துக்கிடந்தது அதற்காகத்தான். திருவிழா முடிந்ததும் அம்மா கத்திரிக்கோலைத் தேடுவதும் வருஷம் தவறாமல் நடந்தது. இந்தத் தடவை முன்கூட்டியே வெட்டிவிடலாம் என்று எடுத்துவிட்டாள்.

குற்றம் என் முடியுடையது. அம்மா பர்மிய வீட்டில் பிறந்தவள். அவளுடைய கூந்தல் அவிழ்த்துவிட்டால் சத்தமில்லாமல் இடுப்புக்கு இறங்கும். எனக்கு வாய்த்தது அப்பா வழிச் சுருட்டை. சுருட்டை என்றால் பேருக்குச் சொல்லும் சுருட்டையல்ல, ஸ்பிரிங். வகுப்பில் பையன்கள் பின்னாலிருந்து பென்சில் செருகுவார்கள். மணி அடித்து நான் வீட்டுக்கு வந்து சேரும்வரை அது விழாது. நான்கு நாள் தண்ணீரில் ஊறினால் தலை முழுக்கத் தேங்காய் நார்க் கயிறுபோலத் திரிந்துவிடும். அம்மா பொறுமைசாலிதான். ஒரு மத்தியானம் முழுக்கப் போராடுவாள். "நான் என்ன செய்றது தமீ, இது சீப்பைச் சாப்பிடுது" என்பாள். தமீ என்றால் மகளே. அதற்குப் பிறகு வெட்டு.

போன வருஷம் ஒட்ட வெட்டியதில் பெரிய வேடிக்கை நடந்தது. திஞ்ஜான் சமயத்தில் பௌத்த வீட்டுப் பெண் பிள்ளைகள் சிலர் மொட்டையடித்துக் கொஞ்ச நாள் துறவு போவார்கள். கீழ் வீட்டு அம்மாள் என்னையும் அப்படி நினைத்துக் கை கூப்பி, எந்த மடத்தில் இருந்தாய், நல்ல புண்ணியம் என்று வாழ்த்தினாள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் கொடுத்த வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் மாடியேறினேன். பழம் தித்தித்தது, தலைதான் கனத்தது.

அந்த வருஷம்தான் அத்தை மலேசியாவிலிருந்து வந்து எங்கள் பசுந்தாங் பேட்டை வீட்டில் தங்கியிருந்தாள். கோலாலம்பூரில் ஆறு வருஷம் அழகு நிலையத்தில் வேலை. கூட வேலை பார்த்த நைஜீரியப் பெண்ணிடம் பின்னல் கற்றிருந்தாள். "அவங்க ஊர்ல இந்த முடிக்கு யாரும் பயப்பட மாட்டாங்க. சின்னச் சின்னதா பிரிச்சு, சவுரி சேர்த்துப் பின்னி வெச்சிடுவாங்க. உள்ள இருக்கிற முடி தூங்கும். வெயிலோ தண்ணியோ சீப்போ அதைத் தொடாது" என்றாள். முடி தூங்கும் என்ற அந்தப் பேச்சிலேயே நான் விழுந்துவிட்டேன்.

அத்தையின் முடி மட்டும் அப்பா வழியல்ல என்று நான் நம்பியிருந்தேன். தோள் வரைக்கும் நேராக, கண்ணாடிபோல மின்னும். எனக்கு வேண்டியது அந்த முடிதான். எங்கள் வீட்டில் கரண்ட் வந்தால் இரண்டு பேர் ஓடுவார்கள்: அம்மா சோறு வைக்க, அத்தை குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் தன் ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்க. கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வாள். கருகின வாடை வரும். திஞ்ஜானுக்கு வெளியே வருவாயா என்று கேட்டால், "எனக்குச் சளி பிடிச்சுக்கும்டி" என்பாள்.

சவுரி வாங்கத் தாமுவேயில் ஒரு கடைக்குப் போனோம். மேடை நாட்டியக்காரர்களும் கல்யாணப் பெண்களும் கூந்தல் வாங்கும் கடை. சுவர் முழுக்க முடி தொங்கியது. நான் நேராகப் போய் ஒரு நீளக் கூந்தலைப் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண் வெட்டி விற்ற நிஜ முடி. இடுப்புக்குக் கீழே வரும், பட்டுபோல வழுக்கும்.

"அது வேண்டாம். நம்ம முடியோட பின்னினா நழுவி வந்துடும்" என்றாள் அத்தை.

"நீளமா வேணும்."

"நீளமா எடுத்து நனைச்சா உன் கழுத்து ஒடியும்."

நான் அசையவில்லை. கடைக்காரி சிரித்தாள். அத்தை செயற்கை முடியில் நீளக் கட்டுகளாக வாங்கினாள். "வீட்டுல போய் நீயே முடிவு பண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு கட்டு முழுவதையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, என் உச்சிக் குடுமியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினாள். "இப்ப நட. பால்கனி வரைக்கும் போய்ட்டு வா, மகாராணி."

நான்கு அடி வைப்பதற்குள் மோவாய் தானாகக் கூரையைப் பார்த்தது. பின்னால் சொட்டிய தண்ணீரில் வழுக்கப் பார்த்தேன். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிற அம்மா அன்று பொத்த மறந்தாள். திரும்பி வந்து, தோள் வரை போதும் என்று நானே சொன்னேன். காதோரம் இரண்டு பின்னல் மட்டும் சிவப்பு. அதற்கு அத்தை ஒத்துக்கொண்டாள். அம்மாவும், மாதா கோயிலில் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

சவுரியில் பூசியிருக்கும் மருந்து தலையை அரிக்கும் என்று, அத்தை அதை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டாள். பால்கனிக் கம்பியில் என் துவைத்த சட்டைகளுக்கு நடுவே கறுப்பு முடி ஆடியது. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

திஞ்ஜானுக்கு முந்தின நாள் காலையில் முக்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தபோது மத்தியானம் போயிருந்தது. அத்தை முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்தாள். அன்றுவரை என் தலையில் யாரும் நுனியிலிருந்து ஆரம்பித்ததில்லை. பிறகு கட்டம் கட்டமாக வகிடு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சவுரியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணை இழுக்குதா? இழுத்தா சொல்லு. வலிக்கிற பின்னல் நல்ல பின்னல் இல்ல" என்று அத்தை அடிக்கடி கேட்டாள். கடைசியில் நுனிகளைச் சுடுதண்ணீரில் தோய்த்ததும் அவை ஒட்டிக்கொண்டன.

தலையை ஆட்டினேன். பின்னல்கள் தோளில் தட்டின. இடது பக்கம் ஆட்டினேன், வலது பக்கம் ஆட்டினேன். சிவப்பு இரண்டும் கன்னத்தில் அடித்தன. நானே என் தலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னல் அப்படியே நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை வைக்க அந்த வீட்டில் இடம் போதவில்லை. அடுத்த குவளையை மொண்டு, ஜன்னலோரம் விரலைச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்த அத்தையின் தலையில் ஊற்றிவிட்டேன்.

அத்தை அலறினாள். சளிக்குப் பயந்தவள் அலறுகிற மாதிரி இல்லை அது. துண்டைத் தேடி ஓடினாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். உச்சியிலிருந்து நான்கு விரல் அளவு முடி மெல்ல எழும்பிச் சுருண்டது. ஸ்பிரிங். அதற்குக் கீழே, கோலாலம்பூரில் மருந்து போட்டு நிமிர்த்தியிருந்த பழைய முடி மட்டும் நேராகத் தொங்கியது, வேறு யாருடைய முடியோபோல.

"அத்தை, உங்களுக்கும் என் முடிதான்" என்று நான் கையைத் தட்டிக் குதித்தேன்.

கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. அம்மா மெதுவாகச் சொன்னாள், "கரண்ட் எட்டு மணிக்கு வரும். அதுவரை துண்டு கட்டிக்கோ."

அத்தை துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் பின்னால் நான் நின்றிருந்தேன், பின்னல்கள் சொட்டச் சொட்ட.

"வரும்போது வரட்டும் அண்ணி" என்றாள்.

என்னால்தான் அத்தையின் அழகான முடி கெட்டுப்போயிற்று என்று எனக்குத் தோன்றியது. இனிமேல் யார் மேலும் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று அழ ஆரம்பித்தேன். அவ்வளவு சந்தோஷத்துக்குப் பிறகு வந்த அழுகை, நிற்க மாட்டேன் என்றது. அத்தை என்னைத் திட்டவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எதற்கென்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அலமாரி உச்சியிலிருந்த கத்திரிக்கோலை எடுத்து, தூசியை ஊதி, அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு நான் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்த அதே முக்காலியில், அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டை அவிழ்த்தாள்.