தாயை அழைக்க ஒரு மனு

மனுவுக்குப் பதினான்கு நாளில் பதில் தரவேண்டும் என்பது எங்கள் ஊர் அரசாங்க விதி. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றி நாடுகடத்தப்பட்ட பத்தொன்பது வயது ஐரிஷ் கைதி ஒருவன், தன் தாயை இங்கே வரவிடும்படி கெஞ்சி எழுதிய மனுவைச் சிட்னி அருங்காட்சியகத்தில் பார்த்தேன். முத்திரைகள் எல்லாம் இருந்தன. பதில் வந்த தேதி மட்டும் இல்லை. மை பழுப்பேறியிருந்தது.

எங்கள் வீட்டில் நீல மை. எனக்கு ஒன்பது வயது. சிறையிலிருந்த அண்ணனைப் பார்க்க அனுமதி கேட்டு அம்மா எழுதியிருந்தார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், விரலில் ஒட்டிய, துருவிய தேங்காய்ப்பூவோடு வாசல் படலைக்கு ஓடுவார்.

“இண்டைக்கும் இல்லை அக்கா.”

“ஓம் தம்பி, பெரிய கந்தோரெல்லோ. பேனை தேடவே மாதம் செல்லும்.”

பின்னாளில் நானும் அப்படியொரு அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் கோப்பு நகர்த்தினேன்.

அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. கடிதம் வந்தது, அவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியையன்று.