டிவிக்கு முதுகைக் காட்டி நிற்பவர்

பழைய மின்சாதனக் கடையில் வீடியோ கேம் கேசட்டைச் செருகி டிவியைப் போட்டதும், அவர் திரும்பி டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். கைகள் இரண்டும் பின்னால் கட்டியிருக்கும். தலை லேசாகச் சாய்ந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் ஜாய்ஸ்டிக்கை அமுக்கிக்கொண்டிருப்பார்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

"கூட்டியாச்சு சார்."

"இப்ப குதிக்க விடுங்க. ம்... இன்னொரு தடவை. எதிர்ல யாராவது வர்றானா?"

"ரெண்டு பேர் வர்றானுங்க."

"வர்றானுங்களா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. பாட்டு ஓயாம பாடிட்டே இருக்கு. வேணாம், எடுத்துடுங்க."

இஸ்திரிப் பெட்டிக்குக் கைப்பிடி தேடிப் போன நான், வந்த வேலையை மறந்து வேடிக்கை பார்த்தேன். அவர் வேறொரு கேசட்டைக் கேட்டுப் பார்த்து, திருப்தியாகி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன பிறகு கடைக்காரர் சொன்னார்: "பழைய கேசட் வாங்க வர்றவங்க எல்லாம் அட்டைப் பெட்டி கிழியாம இருக்கா, ஸ்டிக்கர் உரியாம இருக்கான்னுதான் பார்ப்பாங்க. காதால பார்த்து வாங்குறவர் இவர் ஒருத்தர்தான். பைத்தியம்னு நினைச்சுடாதீங்க. லிஃப்ட் கம்பெனியில பெரிய ஆளு."

பெரிய ஆள் என்றால் பதவியில் அல்ல. இருபத்துநான்கு வருடம் லிஃப்ட் பெட்டிகளின் தலைமேல் நின்று வேலை பார்த்தவர். வயது ஐம்பத்தொன்று. அகலமான உள்ளங்கை; இடது கட்டைவிரல் நகம் மட்டும் எப்போதோ நசுங்கி, நிரந்தரமாகக் கறுத்துவிட்டது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சின்ன டார்ச். மதியம் ஒரு மணிக்கும் மாடிப்படியில் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். நடக்கும்போது இடது கை சுவரைத் தொட்டும் தொடாமலும் கூடவே வரும்.

பிறகு பழக்கமாகி நான் அவர் வீட்டுக்கும் போனேன். அங்கே ஒரு முழு அறையே கேசட்டுக்கு. நூற்றறுபதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். பழுப்பேறிய கேம் பெட்டிகள் ஏழு. நடுவில், பின்பக்கம் புடைத்த பழைய டிவி ஒன்று. அதை மூன்றாவது மாடிக்கு ஏற்றியபோது இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். கேசட்டைச் செருகும் முன் நான் பழக்கதோஷத்தில் வாயால் ஊதப் போனேன். பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊதாதீங்க! எச்சில் பட்டுத்தான் பாதி கேசட் செத்துச்சு." பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

இந்தச் சேகரிப்பே ஒரு லிஃப்ட்டில்தான் ஆரம்பித்தது. ஒரு குடியிருப்பில் வீடு காலி செய்துகொண்டு போன யாரோ, ஒரு அட்டைப் பெட்டியை லிஃப்ட்டுக்குள்ளேயே மறந்துவிட்டார்கள். உள்ளே ஒரு கேம் பெட்டி, பதினான்கு கேசட். பதினொரு நாள் காத்திருந்தும் யாரும் கேட்டு வரவில்லை. "லிஃப்ட்டுல விட்டுட்டுப் போனது லிஃப்ட்காரனுக்குத்தான்னு வாட்ச்மேன் தீர்ப்பு சொல்லிட்டார். அப்பீலே இல்ல" என்று சிரிக்கிறார்.

அந்தப் பதினான்கில் ஒன்றுக்கு ஸ்டிக்கர் இல்லை. அதனால் அவரே 'விளக்குக்காரன்' என்று பெயர் வைத்தார். லாந்தர் விளக்கை ஏந்திய ஒருவன், தொலைந்துபோன தன் கழுதையைத் தேடிக் குகைக்குள் போகிறான். எட்டு ஸ்டேஜ். எட்டாவதில் கழுதை கிடைக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அவர் அந்தக் கழுதையைக் கண்டுபிடித்துவிடுவார். "தெரிஞ்ச கதைதானே, திரும்பத் திரும்ப எதுக்கு?" என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க வீட்டுக்கு நீங்க ஒரு தடவைதான் போவீங்களா?" என்று கேட்டார்.

நான்கு வருடத்துக்கு முன், கண்ணை மூடிக்கொண்டே ஜெயிக்கக்கூடிய அந்த விளையாட்டில் அவர் தோற்க ஆரம்பித்தார். அதுவும் இரண்டாவது ஸ்டேஜில்.

ஜாய்ஸ்டிக் தேய்ந்துவிட்டது என்று வேறு வாங்கினார். பிறகு கேசட்டைச் சந்தேகப்பட்டார். தேடி அலைந்து அதே கேசட் இன்னொன்று வாங்கினார். அதிலும் செத்தார். மூன்றாவதாக ஒன்று வாங்கினார். "மூணு கேசட்டுக்கும் எப்படிங்க ஒரே கோளாறு வரும்? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஊரு லிஃப்ட்டுல எல்லாம் கோளாறு கண்டுபிடிக்கிறவன்."

கண்டுபிடித்தவர் மனைவி. அவருக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் அணுக்களை எண்ணுகிறவர். விளையாட்டு என்றாலே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டாணி உரித்துக்கொண்டே கணவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சும்மா இருக்குமா? எண்ணியது.

"என்னங்க, பதினோரு தடவை செத்துட்டீங்க."

"அதை வேற எண்ணுறியா?"

"ஒன்பது தடவை இடது பக்கத்துலேர்ந்துதான். அந்த வவ்வால் அவ்வளவு பெருசா வருதே, உங்களுக்குத் தெரியல?"

"எந்த வவ்வால்?"

பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கணவரின் இடது காதோரம் இரண்டு விரலை நீட்டினாராம் அவர். "நேரா டிவியைப் பாருங்க. எத்தனை விரல்?"

"எங்க விரல்?" என்றார் இவர்.

வெளியே தெரு வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் எழுந்து போய் அறையின் விளக்கையும் போட்டார். பிறகு மறுபடி உட்கார்ந்து, "இப்ப காட்டு" என்றார். மனைவி காட்டினார். விரல் இல்லை.

ஓரப் பார்வை வெளியிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார் கண் டாக்டர். இரண்டு கண்ணிலும்தான். விளக்குக்காரன் போவது வலது பக்கமாக. இவர் பார்வையும் அவன் போகும் பக்கமே போகும். அதனால் பின்னால் இடதில் வருவது முதலில் மறைந்திருக்கிறது. நடுப்பார்வை இன்னும் சில வருடம் இருக்கும், எத்தனை என்று சொல்ல முடியாது, நிறுத்த மருந்து இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்ப ஜாய்ஸ்டிக் நல்லாத்தான் இருக்கா, டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. மனைவி சிரித்துவிட்டார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுததும் அவர்தான்.

அன்று மாலை அவர் மனைவியிடம் இன்னொன்றைச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன், பத்து மாடி உயரத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் நிற்கும்போது, இடது பக்கம் இருந்த கருவிப் பையை அவர் கால் தட்டி, அது கீழே விழுந்துவிட்டது. கீழே யாரும் இல்லை. கூட வேலை பார்த்த கூட்டாளியிடம், "கை தவறிடுச்சுப்பா" என்று சொல்லியிருந்தார். கூட்டாளி எப்போதும் நிற்பது அவருக்கு இடது பக்கம்தான்.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"சொன்னா மேல ஏற விட மாட்டாங்கம்மா."

"விடக் கூடாதுன்னுதான் சொல்லச் சொல்றேன்."

"அப்புறம் நான் என்ன வேலை தெரிஞ்சவன்? கீழ உட்கார்ந்து என்ன பண்ணுவேன்?"

"அதை அப்புறம் பார்க்கலாம். உங்க கூட்டாளி பொண்டாட்டியும் தினம் ராத்திரி சோறு வச்சுக்கிட்டுத்தான் காத்திருப்பா."

மறுநாள் ஆபீசுக்குப் போகும் முன், முதலில் கூட்டாளியிடம்தான் சொன்னார், ஒரு கட்டடத்தின் பின்படியில் வைத்து. கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லவில்லை அந்த மனிதர். "அந்தப் பை விழுந்தன்னைக்கே தெரியுமா உனக்கு?" என்றார். "கண்ணுன்னு தெரியாது. ஏதோ சரியில்லைன்னு தெரியும்" என்றார் இவர். கூட்டாளி தன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். ஒன்றரை மாதம் பேசவில்லை.

கம்பெனி அவரை வெளியே அனுப்பவில்லை. புகார் வாங்கும் மேசையில் போனுக்கு முன்னால் உட்கார வைத்தது. முதல் சில நாள் முகவரி எழுதுவதும் ஆள் அனுப்புவதுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒரு நாள் மணி அடித்தது. எடுத்தார். கூட்டாளியின் குரல், விறைப்பாக: "மூணு பேர் பார்த்தாச்சு, பிடிபடல. கேளு."

போனை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேலே போகும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது மட்டும் மெல்லிய ஒரு 'க்ரிக்'.

"ஏழாவது மாடிக்குக் கீழ, பெட்டி ஓடுற தண்டவாளம் சேர்ற இடத்துல ஒரு போல்ட் லூஸு. இறங்கும்போது மட்டும்தானே வருது?"

"ம்."

"இருட்டா இருக்கும், பார்த்துப்பா."

"நீ உன் வேலையைப் பாரு" என்று கூட்டாளி வைத்துவிட்டார். அரை மணி கழித்து மறுபடி மணி. "ஏழாவது இல்ல. எட்டாவது" என்றது குரல். அன்றிலிருந்து தினமும் பேசுகிறார்கள், திட்டிக்கொண்டே.

இப்போது ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் அவர் சொல்படி லிஃப்ட் கதவில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "பேசாதீங்கம்மா. மூணாவது மாடி பட்டனை அமுக்குங்க. பேசாதீங்கன்னேன். ம், கதவு ரோலர்ல சின்னக் கல்லு மாட்டியிருக்கு. ஆள் வர்ற வரைக்கும் படியில போங்க."

காது இவ்வளவு செய்யும் என்றால் விளக்குக்காரனை ஏன் நடத்தாது? அங்கே ஆரம்பித்ததுதான் டிவிக்கு முதுகைக் காட்டும் பழக்கம். அலமாரியைக் கலைத்து, கேசட்டுகளை மூன்றாகப் பிரித்து அடுக்கினார். பேசுவது, முணுமுணுப்பது, ஊமை. பேசுவதில் எதிரிக்கு ஒரு சத்தம், படிக்கு ஒரு சத்தம், கதவுக்கு ஒரு சத்தம். அதைக் கடைசிக் காலம் வரை விளையாடலாம். முணுமுணுப்பதை உழைத்துப் பழக வேண்டும். ஊமைகள்தான் அறுபதுக்கு மேல். கார் பந்தயம், வண்ணக் கட்டிகளை அடுக்குவது, பனி கொட்டும் தோட்டத்தில் ஒரு குருவியைப் பறக்கவிடுவது. ஞாயிறு காலை முழுக்க அவற்றுக்குத்தான்.

"இதெல்லாம் கண்ணு இருக்கும்போதே போய்ப் பார்த்துட்டு வந்துடணும். மத்தவங்க எங்கயும் போயிட மாட்டாங்க."

ஊமைகளை விளையாடும்போது மனைவி இடது பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இடதிலிருந்து ஏதாவது வந்தால் கணவரின் முழங்காலில் ஒரு தட்டு. ஆபத்து பெரிதென்றால் இரண்டு. விளையாட்டே ஆகாத அந்த அம்மாள் இப்போது, "அந்த நீலக் கார்க்காரன் ஒரு போக்கிரி. வேணும்னே இடிக்கிறான்" என்று வாரம் முழுக்கப் புகார் சொல்கிறார்.

போன சனிக்கிழமை பிற்பகல் நான் போனபோது விளக்குக்காரனின் முறை. நாற்காலி அலமாரியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஜாய்ஸ்டிக் ஒயர் தோளுக்கு மேலாக இழுபட்டுக் கிடந்தது. முழங்கால் தட்டு இதற்குக் கிடையாது. மூச்சுக்கூடக் கேட்கக் கூடாது என்று எனக்கும் அவர் மனைவிக்கும் உத்தரவு. ஐந்து ஸ்டேஜை முன்பே தாண்டிவிட்டார். ஐந்து வாரமாக மாட்டிக்கொண்டிருப்பது ஆறாவதில்.

"வவ்வால் படபடங்குது, தவளை கத்துது, தண்ணி சொட்டுது. இந்தக் குழி மட்டும் மூச்சே விட மாட்டேங்குது" என்றார்.

அருவிச் சத்தம் நின்றதிலிருந்து ஏழு காலடி. எட்டில் குதிக்க வேண்டும். எண்ணிக்கை எளிதுதான். நடுவில் ஒரு தவளை எதிரே வரும். பின்வாங்கித்தான் அதனிடமிருந்து தப்ப முடியும். பின்வாங்கினால் கணக்கு போய்விடும்.

அருவி நின்றது. டக், டக், டக் என்று விளக்குக்காரன் நடந்தான். தவளை கத்தியது. அவன் பின்னால் வந்தான், இரண்டடியோ மூன்றடியோ. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. மனைவி உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். தவளை தாண்டிப் போனது. மறுபடி டக், டக். குழியின் விளிம்பில், கால் பாதி வெளியே இருக்க, விளக்குக்காரன் எம்பினான்.

அந்தப் பக்கத்தில் காலடி கேட்டது.

"தாண்டிட்டீங்க! என்னங்க, தாண்டிட்டீங்க!" என்று மனைவி எழுந்தே விட்டார். நானும் கை தட்டினேன். "நேராப் போங்க, கதவு எதிர்லயே இருக்கு, போங்க!"

அவர் போகவில்லை. முகத்தில் வியர்வை. ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஒரு தடவை ஓடிட்டா, லிஃப்ட் சரியாச்சுன்னு கையெழுத்துப் போட முடியுமா?" என்றார்.

பிறகு ஜாய்ஸ்டிக்கை எடுத்து, இடது பட்டனை அமுக்கி, அப்போதுதான் தாண்டிய அந்தக் குழிக்குள் விளக்குக்காரனை அவரே இறக்கினார். அவன் விழுகிற சத்தம் முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஆரம்பிக்கும் பட்டனைத் தடவினார்.